கேட்டதைக் கொடுத்த பெருந்தகை: பேராயர் அசரியா

ஒரு கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் தளராது நடைபெறுவது எளிய செயலன்று. தென்பெண்ணைக் கரையில் அமைந்த நம் மணலூர்பேட்டையிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும், கூலி வேலையே வாழ்வாகக் கொண்ட பெற்றோரின் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலையும் மிதித்திருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னே பலருடைய வியர்வை இருக்கிறது. அந்த வியர்வையின் மணம் கமழும் இவ்வெள்ளிவிழா மலரில், இளைஞர்க்குப் பயன்படத்தக்க பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர்.

அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசன் முதலியோரின் வரலாறுகளை நம் இளைஞர்கள் ஓரளவு அறிவர். ஆதலின் நம்மிடையே அதிகம் பேசப்படாத ஒருவரை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக விளங்கிய வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களே அப்பெருந்தகை. அவர் நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் ஆந்திரத்து மாலா, மாதிகா மக்களிடையே கழித்தவர். இறைவனைப் பின்பற்றுதல் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆலய வழிபாட்டோடு முடிந்துவிடுவதா, அன்றி நாள்தோறும் நாம் அமரும் பந்தியிலும் கொடுக்கும் கையிலும் விளங்க வேண்டுவதா என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கை ஒரு விடை. நம் சங்கத்தில் கிறிஸ்தவரும் உளர். இந்துக்களும் பௌத்தரும் உளர். எவர் வழி எதுவாயினும், இவ்விடை எல்லார்க்கும் உரியதே.

பிறப்பும் இளமையும்

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பெயர் தாமஸ் வேதநாயகம். வேலாயுதம் என்னும் பெயரோடு வணிகம் செய்து வந்த அவர், கிறிஸ்தவ சமயம் தழுவிய பின் அவ்வூரிலேயே குருவாகப் பணியாற்றினார். தாயார் எலன் அம்மையார். நெடுநாள் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால், வேதாகமத்தில் வரும் அன்னாளின் மகனுடைய பெயரைத் தழுவிச் சாமுவேல் என்று பெயரிட்டனர்.

அவர் பிறந்த நாடார் சமுதாயமும் அந்நாளில் இழிவுகள் பலவற்றைச் சுமந்த சமுதாயமே. கோயில்களுக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. திருவிதாங்கூரில் அச்சமுதாயப் பெண்கள் மேலாடை அணிவதற்கே நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. பள்ளியும் திருச்சபையும் அச்சமுதாயத்தை ஒரு தலைமுறைக்குள் எழுந்து நிற்கச் செய்தன. எழுந்து நின்ற தலைமுறையைச் சேர்ந்தவர் அசரியா. எழுந்து நின்றவன் அடுத்து என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் தரம் தெரியும். இதை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே படிப்பார்களாக.

சிறு வயதிலேயே தந்தையை இழந்த அசரியாவைத் தாயார் கண்டிப்போடும் பக்தியோடும் வளர்த்தார். மெய்ஞ்ஞானபுரம் விடுதிப் பள்ளியிலும், திருநெல்வேலியில் சி.எம்.எஸ். கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கணிதம் அவர் எடுத்த பாடம். பின்னாளில் புகழ்பெற்ற கே. டி. பால் அவருடைய கல்லூரி நண்பர். பட்டத் தேர்வை முடிக்காமலேயே அசரியா கல்லூரியை விட்டு வெளியேற நேர்ந்தது. பட்டம் பெறாத அவருக்கு 1920ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சட்டத்துறையில் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பட்டம் வேண்டா என்று சொல்ல இதனைக் கூறவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பட்டம் வேண்டும், மிகவும் வேண்டும். தேர்வு ஒன்றில் இடறியவுடன் வாழ்வே முடிந்தது என்று மனம் உடைவோர்க்காகவே கூறினோம்.

எளிய மணமும் புதிய சங்கங்களும்

1895ஆம் ஆண்டில் வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் செயலாளராக அவர் பணியில் சேர்ந்தார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் தென்னாட்டு ஊர்தோறும் சென்று இளைஞரிடையே உழைத்தார். அமெரிக்கரான ஷெர்வுட் எடி என்பாருடன் அக்காலத்தில் ஏற்பட்ட நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது. வெள்ளையர் ஒருவர் இந்தியர் ஒருவரோடு ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒத்த தோழராகப் பழகுவது அந்நாளில் அரிது. அந்த அரிய நட்பின் சுவையை அசரியா அறிந்திருந்தமையால்தான், அது பிறர்க்குக் கிட்டாமை அவருக்குப் பெருங்குறையாகத் தோன்றிற்று.

1898ஆம் ஆண்டில் அன்பு மரியம்மாள் என்னும் நங்கையை அவர் மணந்தார். கல்லூரிப் படிப்பை எட்டிய பெண்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில் அவ்வம்மையார் கற்றவர். அத்திருமணத்தில் வரதட்சணை வாங்கப்படவில்லை. ஆடம்பரச் செலவும் இல்லை. கடன் வாங்கிக் கலியாணம் செய்து, அந்தக் கடனுக்கு வட்டி கட்டியே வாழ்வைத் தொலைக்கும் வழக்கம் அன்றும் இருந்தது. இன்றும் நம் தெருக்களில் இருக்கிறது. ஊருக்கு அறிவுரை சொல்லப் புறப்படுமுன் அவர் தம் வீட்டில் அதனைச் செய்து காட்டினார்.

1902ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தைத் திரட்டித் தமிழகத்திற்கு ஊழியர்களை அனுப்பி வருவதை அவர் கண்டார். அக்காட்சி அவரை உறங்கவிடவில்லை. சிறு தீவின் ஒரு மூலையில் இருப்போர் கடல் கடந்து உதவும்போது, திருநெல்வேலித் திருச்சபை மட்டும் அயல்நாட்டார் அனுப்பும் பணத்தை எதிர்நோக்கி அமர்ந்திருப்பது தகுமா என்று எண்ணினார். அதன் விளைவாக 1903ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் உழைப்பு, இந்தியர் பணம், இந்தியர் நிருவாகம் என்பது அதன் கொள்கை. 1905ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் வங்காளத்துச் சீராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டபோது அதற்கும் அவர் முன்னின்றார்.

தோர்ணக்கல்லில் தொண்டு

திருநெல்வேலிச் சங்கம் தன் பணிக்களமாகத் தேர்ந்த இடம் தோர்ணக்கல். அன்று அது நிஜாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்தின் பகுதி. இன்று தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ள ஓர் இரயில் சந்திப்பு. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் ஊரில் இருப்பது முறையன்று என்று அசரியாவுக்குத் தோன்றிற்று. நல்ல பதவி, நாடெங்கும் அறிமுகம் ஆகியவற்றை விட்டுவிட்டு, 1909ஆம் ஆண்டில் குருத்துவப் பட்டம் பெற்று, முப்பத்தைந்தாம் வயதில் குடும்பத்தோடு தோர்ணக்கல் சென்றார். தமிழரான அவர் சிறு பிள்ளைபோல் தெலுங்கு எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார்.

அங்கே அவரிடம் வந்தவர் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் இரு சமுதாயத்தினர். மாலாக்கள் கூலி உழவும் நெசவும் செய்வோர். மாதிகாக்கள் தோல் தொழில் செய்வோர். இரு திறத்தாரையும் ஊரார் தீண்டாதாராக ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்கப்பட்ட இருவரும் தமக்குள்ளும் ஒருவரை ஒருவர் ஒதுக்கினர். மாலா வீட்டார் மாதிகா வீட்டாரோடு உண்ணார். ஒரு கிணற்றில் நீர் மொள்ளார். இச்செய்தி ஆந்திரத்துக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது. இதற்குப் பின்னர் வருவோம்.

எடின்பரோவில் எழுந்த குரல்

1910ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட பேராளர் வந்திருந்த அம்மாநாட்டில், ஆசியர் மிகச் சிலரே இருந்தனர். அவர்களுள் ஒருவராக அசரியா பேசினார். அயல்நாட்டு ஊழியர்கள் இந்தியாவுக்காகப் பொருளையும் உயிரையும் ஈந்ததை அவர் நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் பல ஆண்டுகள் ஒரே பணியில் இருந்தும், இந்திய ஊழியனைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தம்மோடு உணவருந்தச் செய்யாத வெள்ளை ஊழியர் பலர் உளர் என்பதையும் அஞ்சாது எடுத்துரைத்தார். தானமும் தியாகமும் போதா. தோழமையும் வேண்டும் என்று கேட்டு அவர் உரையை முடித்தார்.

அவையில் சலசலப்பு எழுந்தது. நன்றி மறந்த பேச்சு என்று சிலர் சினந்தனர்; உண்மையைத் துணிந்து சொன்னார் என்று சிலர் பாராட்டினர். ஒரு நூற்றாண்டு கடந்தும் அம்மாநாட்டைப் பற்றி எழுதுவோர் அவ்வுரையைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. கொடுப்பவன் மேலே நிற்க, வாங்குபவன் கீழே நிற்கும் உறவில் அன்பு நிறைவு பெறாது என்பதே அவர் கூறிய உண்மை. கை நீட்டிப் பெற்றுப் பழகிய எந்தச் சமுதாயமும் இவ்வுண்மையை எளிதில் உணரும்.

பேராயர் பதவி

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், கல்கத்தாவிலுள்ள தூய பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல்லின் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் இதற்குத் துணை நின்றார். எதிர்ப்பும் குறைவில்லை. கறுப்பர் ஒருவரின் கீழ் வெள்ளைக் குருமார் பணி செய்வது எங்ஙனம் என்று அயல்நாட்டார் சிலர் கேட்டனர். அவர் பிறந்த சாதியைச் சுட்டி இந்தியக் கிறிஸ்தவர் சிலரே முகம் சுளித்தனர். இரு புறத்து இகழ்ச்சிக்கும் அவர் சொல்லால் விடை கூறவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுப் பணியே விடையாயிற்று.

சிறியதாகத் தொடங்கிய அவருடைய மறைமாவட்டம், பின்னர்க் கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. 1930களில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சத்தை எட்டியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாத கூலி மக்கள். அம்மக்களிடம் செல்ல அவர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பயணம் செய்தார்.

நாள்தோறும் நடைபெற்ற பாடம்

அம்மக்களுக்கு அவர் கற்பித்த முறையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பகல் முழுவதும் வயலில் உழைப்போர்க்குப் பகலில் வழிபாடு நடத்திப் பயனில்லை. ஆதலால் மாலையில் வேலை முடிந்து திரும்பியபின் சிற்றூர் தோறும் கூட்டு வழிபாடு நடைபெற்றது. படிக்கத் தெரியாதோர்க்கு வேதாகமக் கதைகளும், கர்த்தர் கற்பித்த ஜெபமும், பத்துக் கட்டளைகளும் வாய்மொழியாகப் பாடம் செய்விக்கப்பட்டன. தெலுங்குப் பாட்டும் நாட்டார் இசையும் வழிபாட்டிற்கு உதவின. பேய்களுக்கு அஞ்சி வாழ்ந்த மக்களிடம், அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் பேய்களாக உருவகித்துப் பேசுவது அவர் வழக்கம். இந்நான்கையும் ஓட்டுவதற்கு மந்திரவாதி வேண்டுவதில்லை. ஊராரே கூடினால் போதும். பக்தி என்பது முற்றத்தைப் பெருக்குவதிலும், நீரைக் காய்ச்சிக் குடிப்பதிலும், வட்டிக்காரன் வாசலை மிதியாதிருப்பதிலும் தொடங்கட்டும் என்பது அவர் கருத்து.

இப்பணியின் முதுகெலும்பு ஊர் ஆசிரியர்கள். குறைந்த ஊதியத்தில், கூரைப் பள்ளிகளில், சேரியின் நடுவே குடியிருந்து பணிசெய்த அவர்களுள் பலர் அதே சமுதாயங்களில் பிறந்தவர்கள். அவர்களுக்குப் பயிற்சி தரத் தோர்ணக்கல்லில் கல்விக் கூடங்கள் அமைந்தன. ஆசிரியனுக்கு மட்டும் பயிற்சி தந்தால் பாதி வேலைதான் நிறைவுறும் என்று கருதி, அவர்தம் மனைவியர்க்கும் கல்வி அளிக்கப்பட்டது. அன்பு அம்மையார் இதில் கணவருக்குத் தோள் கொடுத்தார். ஓர் ஊரின் ஆசிரியர் வீடு ஒழுங்காக இருந்தால், அதைப் பார்த்துப் பத்து வீடுகள் ஒழுங்குபெறும். நாற்பது வீட்டுத் தெருவில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்தால், நாற்பது வீடும் உலகை அறியும். கற்றவர் தெருவை விட்டு வெளியேறாமல் தெருவிலேயே வாழ்ந்ததால் உண்டான வளர்ச்சி அது.

திருமுழுக்குப் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவியாமல் இருப்பது தமக்கே கேடு என்னும் பொருளுடைய தூய பவுலின் வாக்கைச் சொல்லும்படி அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். நேற்று வரை எழுத்தறியாதிருந்த கூலியாள், இன்று பிறர்க்குச் சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிறான். கற்பவன் ஒரு புறம், கற்பிப்பவன் ஒரு புறம் என்னும் பிரிவு அவரிடம் இல்லை.

கொடுத்தலிலும் அவ்வாறே. ஏழைகளிடம் காணிக்கை கேட்பது இரக்கமற்ற செயல் என்று சிலர் எண்ணினர். அசரியா வேறுவிதமாக எண்ணினார். ஏழைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்வது, அவனை என்றைக்கும் இரவலனாகவே நிறுத்திவைப்பதாகும் என்று அவர் கருதினார். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடும்போது பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தனர். அப்பிடியரிசி திரண்டு கோயிலுக்குச் சென்றது. அறுவடைக் காலத்தில் தானியமும், கோழியும், முட்டையும் காணிக்கையாயின. கிறிஸ்தவ ஈகை பற்றி அவர் எழுதிய நூல் பல மொழிகளில் வெளிவந்தது. பிடியரிசியை நம் மூதாட்டியரும் அறிவர். அஃது ஒன்றும் புதிய செய்தியன்று. அப்பிடி அரிசிக்குள் தன்மானம் இருக்கிறது என்று கண்டதே அவர் சிறப்பு.

ஒரே கிண்ணம்

இனி, முன்னர் விட்ட செய்திக்கு வருவோம். மாலாவும் மாதிகாவும் கிறிஸ்தவரான பின்னரும் பழைய பகையைக் கைவிட எளிதில் இசையவில்லை. மக்கள் விலகிப் போய்விடுவர் என்று அஞ்சி, இரு சாராரையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்துவிடலாம். தொகையும் குறையாது, தொல்லையும் இராது. அசரியா அவ்வாறு செய்யவில்லை. திருவிருந்தில் அனைவரும் ஒரே அப்பத்தில் பங்கு பெற்று, ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். தலைமுறைப் பகை முழுவதும் மறைந்துவிட்டது என்று கூறுதல் இயலாது. ஆயினும் இரு சமுதாயத்தார்க்கும் ஒரே பந்தியே முறை என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இங்கேதான் அவர் வாழ்வின் இரு முனைகள் ஒன்று சேர்கின்றன. எடின்பரோவில் மேலிருந்தோரை நோக்கி அவர் எதனைக் கேட்டாரோ, அதனையே தோர்ணக்கல்லில் தமக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தோர்க்குக் கொடுத்தார். அவர்களையும் தமக்குள் கொடுத்துக்கொள்ளச் செய்தார். சமத்துவத்தைக் கேட்பவர் பலர்; கேட்டதைக் கொடுப்பவர் சிலர். அச்சிலருள் ஒருவர் அசரியா.

அண்ணலும் அசரியாவும்

1935ஆம் ஆண்டு அக்டோபரில் இயோலா மாநாட்டில், தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அண்ணல் அம்பேத்கர் அறிவித்தார். நாடெங்கும் மதமாற்றம் பற்றிய விவாதம் எழுந்தது. எழுத்தறியாத ஏழை மக்கள் சமயங்களை ஒப்பிட்டுத் தெரிந்தெடுக்க வல்லவர் அல்லர் என்பது காந்தியடிகளின் எண்ணமாக இருந்தது. அவ்வேழைகளும் தம் மனச்சான்றின்படி முடிவெடுக்கும் உரிமையும் திறனும் உடையவரே என்பதில் அசரியா மாறாது நின்றார். அம்மக்களோடு கால் நூற்றாண்டு வாழ்ந்தவர் அவர் என்பதால் அச்சொல்லுக்கு எடை இருந்தது.

அண்ணலையும் அவர் சந்தித்துப் பேசினார். பல சபைகளாகப் பிரிந்து கிடக்கும் கிறிஸ்தவத்திற்குத் தம் மக்கள் வந்தால், அவர்களும் பலவாகச் சிதறிப் போக மாட்டார்களா என்று அண்ணல் வினவியபோது, தம்மிடம் விடையில்லாமற்போன நிலையை அசரியா பின்னர் வெளிநாட்டு மாநாட்டிலே மறையாது கூறினார். அவ்வினா அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. 1919ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கூடிச் சபைகளின் ஐக்கியத்துக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். இறுதி வரை அதற்கே உழைத்தார்.

கருத்து வேறுபாட்டையும் மறைத்தல் கூடாது. சட்டமன்றங்களில் கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டா என்பது அசரியாவின் கொள்கை. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று வட்டமேசை மாநாட்டில் வாதாடியவர் அண்ணல். அரசியல் பாதுகாப்பு இல்லாத சமுதாயத்தின் நிலையை அண்ணல் கண்ட அளவுக்குப் பேராயர் கண்டாரில்லை என்றே நாம் கருதுகிறோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவம் தழுவிய நம் மக்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர்க்கு 1956இலும் பௌத்தர்க்கு 1990இலும் கிடைத்த உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. திருமுழுக்கு நீர் சாதியின் துன்பத்தைக் கழுவிவிட்டதாகச் சட்டம் கருதுகிறது; ஊர் அவ்வாறு கருதவில்லை. பெரியவர்களைப் போற்றுவது என்பது அவர்தம் எல்லாக் கருத்தையும் ஏற்பதன்று.

நிறைவு

1939ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் தோர்ணக்கல் பேராலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. கால் நூற்றாண்டாகச் சிறிது சிறிதாக எழுந்த கட்டடம் அது. இந்துக் கோயில்களின் தூண் அமைப்பும், இசுலாமியக் கலையின் குவிமாடமும், கிறிஸ்தவச் சின்னங்களும் அதில் ஒன்றுகூடி நிற்கின்றன. அயல்நாட்டுக் கோபுரத்தைப் படியெடுக்காமல், இந்நாட்டு மண்ணில் விளைந்த கலைகளைக் கொண்டே ஆராதனை இடம் அமைய வேண்டும் என்னும் அவர் விருப்பம் அதில் உருப்பெற்றது.

1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் இறைவனடி சேர்ந்தார். அவர் கனவு கண்ட சபை ஐக்கியம், அவர் மறைந்து இரண்டே முக்கால் ஆண்டு கழித்து, 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. விதைப்பவர் பலருக்கும் அதுவே இயல்பு.

நமக்குரிய பாடம்

தோர்ணக்கல் தொலைவில் உள்ளது. எறையூர் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே உள்ளது. 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆலயத்தில் சம உரிமை வேண்டிய தலித் கத்தோலிக்கர்க்கும் அதே ஆலயத்தைச் சேர்ந்த பிற சாதிக் கிறிஸ்தவர்க்கும் இடையே அங்கு மூண்ட கலவரத்தையும், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததையும் நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஒரே கிண்ணத்தில் பருகுவோர் ஒரே வழியாகச் சவ ஊர்வலம் செல்ல இயலாத நிலை நம் அருகிலேயே இருந்தது. ஆலயத்தில் சமம் கேட்டவர்கள் நியாயத்தையே கேட்டார்கள். அக்குரலை நாம் என்றும் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

ஆனால், இளைஞர்களே, அசரியாவின் வாழ்க்கை அதோடு நம்மை விடுவதில்லை. ஊராரிடம் நாம் கேட்கும் சமத்துவத்தை நமக்குள் நாம் கொடுக்கிறோமா? நம் துணிகளை வெளுத்து, நம் வீட்டு இறப்புக்கும் சடங்குக்கும் உழைத்து வந்த புதிரை வண்ணார் குடும்பத்தை நம் பந்தியில் அமர்த்துகிறோமா? அருந்ததியர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமா? அவர்கள் வீட்டுப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையை விரும்பினால், ஊரார் நம்மிடம் நடந்துகொள்ளும் முறையிலேயே நாமும் நடந்துகொள்கிறோமா? இவ்வினாக்கள் கசக்கும். மாலாவுக்கும் மாதிகாவுக்கும் அன்று இவை கசந்தன. கசப்பு மருந்தை ஒதுக்கிவிட்டு நோய் தீர வேண்டும் என்று விரும்புதல் பேதைமை.

நம் வீட்டுப் பெண்களின் நிலையும் இதில் அடங்கும். மகனைக் கல்லூரிக்கும் மகளைக் களையெடுக்கவும் அனுப்பும் வீட்டில் சமத்துவம் பாதி தூரமே வந்திருக்கிறது. ஆசிரியரின் மனைவிக்கும் கல்வி தந்த தோர்ணக்கல் முறையை இங்கே நினைவு கூர்தல் தகும்.

வேலை கிடைத்து நகரம் சென்ற நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். உதவித்தொகையும் விடுதியும் இட ஒதுக்கீடும் நம் உரிமை. அவற்றைத் தலைநிமிர்ந்து பெறுகிறோம். பெற்றவர் கொடுப்பவர் ஆகும்போதுதான் அவ்வுரிமை முழுமை அடைகிறது. தைத் திங்கள் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் நீங்கள், ஆற்று மணலில் உலாவியபின் ஒரு மாலைப்பொழுதை நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒதுக்கக் கூடாதா? எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குக் கணக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் திருப்பணியே. மாதந்தோறும் ஒரு சிறு தொகை, அஃது இயலாவிடில் வீட்டில் ஒரு பிடி அரிசி, சங்கத்திற்கென்று எடுத்துவைத்தால், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு எவர் வாசலிலும் நாம் நிற்க வேண்டுவதில்லை.

இறைவனைப் பின்பற்றுவது எப்படி என்று கேட்போர்க்கு அசரியாவின் வாழ்க்கை மூன்று இடங்களைச் சுட்டுகிறது: உண்ணும் பந்தி, கொடுக்கும் கை, கற்பிக்கும் மாலை. கோயில் மணி ஒலித்தாலும் ஒலிக்காவிடினும் இம்மூன்றும் நாள்தோறும் நம் கண்முன் இருக்கின்றன. வெள்ளிவிழா நாளில் நடைபெறும் விருந்தில் நம் தெருக்களின் எல்லாக் குடும்பத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பார்களாயின், அதுவே இப்பெருந்தகைக்கு நாம் செய்யும் சிறந்த வணக்கமாகும். அடுத்த நாளும் அவ்வரிசை கலையாதிருத்தல் வேண்டும். வாழ்க நம் சங்கம். வளர்க நம் மக்கள்.